நான்காவது துளையில் துணி

1

இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. புகார் சொல்லப் போனவன் நான்தான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பட்டறை வந்தது. பந்தயக் கார்களின் இன்ஜினுக்கு வேலை செய்யும் பட்டறை. விடிந்தும் விடியாமலும் அங்கே கிரைண்டர் கத்தத் தொடங்கிவிடும். நான் பிரார்த்தனைக்கு உட்காரும் நேரம் அது. இறைவனிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தால், அலுமினியத்தைக் குடையும் சத்தத்தில் அது எனக்கே கேட்காது. ஒருநாள் பொறுமையிழந்து தெருவைக் கடந்தேன்.

உள்ளே ஒரு பெண் நின்றிருந்தார். மேசைமேல் கனமான ஓர் அலுமினியப் பாளம். அதன் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். ஒரு துளைக்குள் சுட்டுவிரலை முழுக்க விட்டுக் கண்ணை மூடியிருந்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவரின் முகம் அப்படி இருக்கும். கொண்டுபோன கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"சத்தம் தொந்தரவா இருக்கா சார்?" என்று அவரே கேட்டார்.

"காலையில பிரார்த்தனை பண்ற நேரம்மா..."

"எப்ப முடிப்பீங்க?"

"முடிச்சதும் ஜன்னலத் திறப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளிலிருந்து என் ஜன்னல் திறந்த பிறகுதான் அந்தக் கிரைண்டர் சுற்றுகிறது. இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை. அந்தச் சொல்லாத நன்றியைத்தான் கதையாக்கப் பார்க்கிறேன்.*

* மற்றதெல்லாம் கற்பனை. அவருக்குத் தம்பி உண்டா என்றுகூட நான் கேட்டதில்லை. நிஜத்தில் 'அவர்', கதையில் 'அவள்'. கதைக்குள் காலடி வைத்ததும் மரியாதை ஒரு படி இறங்கிவிடுகிறது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"கால் மைல் நேர்ப்பாதை. இரண்டு கார்கள். பச்சை விளக்கு எரிந்ததும்" [வேண்டாம். விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

"மனித ஆசைக்கு எல்லையே இல்லை என்பதற்கு அவளே" [அவள் யார் என்று சொல்வதற்கு முன்பே தீர்ப்பா? எனக்கே கூச்சமாக இருக்கிறது.]

"சிலிண்டர் ஹெட் என்பது இன்ஜினின் மூக்கு." [இது நிற்கட்டும்.]

ஆமாம், மூக்குதான். எதிர்ப் பட்டறை மேசையில் பார்த்த அந்த அலுமினியப் பாளம்தான் ஹெட். இன்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோலை ஊற்றினாலும் அதை எரிக்கக் காற்று வேண்டும். ஹெட்டில் உள்ள துளைகள் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். மூக்கடைத்தவனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பி என்ன பயன்? அதனால் ஹெட் வேலை செய்கிறவர்கள் துளையைக் குடைந்து அகலமாக்குவார்கள்.

என் கதையில் வரும் அக்கா இதைத் தலைகீழாக யோசித்தாள். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாகப் பாய்கிறதல்லவா? அவள் துளையின் தரையில், காற்று வால்வை நோக்கித் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், இறுகினால் கல்லாகிவிடும் பசையை வைத்து ஒரு சின்ன மேடு கட்டினாள். துளை குறுகியது, காற்று விரைந்தது, குதிரைத்திறன் கூடியது. அந்த மேடு கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

3

அக்காவும் தம்பியும் ஒரே பட்டறையில்தான் இருந்தார்கள். காரை ஓட்டியவர் அக்காவின் கணவர். அவருக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர். சாப்பிட, சட்டை மாட்ட, கேட்டதற்குப் பதில் சொல்ல என எல்லாவற்றுக்கும் அவருக்கு நேரம் பிடிக்கும். பச்சை விளக்குக்கு மட்டும் பிடிக்காது.

அந்த மேட்டை வெளியாட்களின் ஹெட்டிலும் கட்டிக் கொடுக்கலாம் என்றான் தம்பி. முடியாது என்றாள் அக்கா. வார்த்தை தடித்தது.

"எல்லாம் உன் மூளைன்னு நெனப்பு உனக்கு. அப்ப நான் இங்க கூட்டிப் பெருக்கவா இருக்கேன்?"

"போறதுன்னா போடா. என் மேட்ட மட்டும் தூக்கிட்டுப் போகாத."

"உன் மேடும் வேணாம், பள்ளமும் வேணாம். அதத் தொட்டா என் கை வெளங்காமப் போகட்டும்!"

தம்பி தனியாகப் பட்டறை வைத்தான். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அவனுடைய கார் ஜெயிக்கத் தொடங்கியது. "உன் வேலை மாதிரியே இருக்கேம்மா" என்று அக்கா காதில் ஊதுவதற்கு ஆட்களா இல்லை? அவன் ஜெயித்தது அவளை உறுத்தவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினானா என்பதுதான் உறுத்தியது. அதை அவனிடம் கேட்டுவிடலாம். ஆனால் "இல்லை" என்று அவன் சொல்லி, அதை அவள் நம்ப முடியாமல் போனால்? அந்தப் பயத்தில்தான் மூன்று வருடம் கழிந்தது.

4

இனி பந்தய நாள்.

இறுதி ஓட்டத்தில் அக்காவின் காரும் தம்பியின் காரும் மோதலாம் என்று முன்பே தெரிந்துவிட்டது. அதற்காக அவள் ஒரு தப்புச் செய்தாள். ஹெட் வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேலை முடிந்துவிட்டது என்று விரல் சொல்லியும் மனம் கேட்காமல், "இன்னும் ஒரே ஒரு இழுப்பு" என்று கிரைண்டரை மறுபடி உள்ளே விட்டாள். துளைக்குப் பின்னால், ஒரு மெல்லிய சுவருக்கு அப்பால், ஹெட்டைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. அந்தச் சுவர் அப்பளமாகிவிட்டது.

அரையிறுதியில் கார் ஜெயித்தது. திரும்பி வரும்போது பின்னால் வெள்ளை ஆவி. கழற்றிப் பார்த்தால் அந்தச் சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல்.

"என்னங்க, அவ்வளவுதான். மாத்து ஹெட் நம்மகிட்ட இல்ல."

ஆமை ஹெல்மெட்டைக் கழற்றினார், துடைத்தார், கீழே வைத்தார். "சரி" என்றார்.

அப்போதுதான் தம்பி வந்தான். தோளில் ஒரு ஹெட். நட்டு, போல்ட்டு உள்ளே விழாமலிருக்கக் காற்றுத் துளை நான்கிலும் துணி அடைத்திருந்தது. [முதல் வரைவில் அந்தத் துணி அவர்களுடைய பழைய பட்டறைச் சட்டையின் நீலம் என்று எழுதினேன். அழவைக்கும் தந்திரம். அடித்துவிட்டேன். வெறும் துணி.]

"மாமா, இத மாட்டிக்கச் சொல்லுங்க. என்னோட மாத்து ஹெட். எல்லாம் பொருந்தும்."

"உங்கக்கா பக்கத்துலதானே நிக்கிறா? நீயே சொல்லேன்."

"நீங்க சொன்னாப் போதும்."

"நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்தயமே முடிஞ்சிடும்டா."

அக்கா வாய் திறந்தாள். "எதுக்கு இது?"

"பக்கத்துப் பாதை காலியாக் கெடக்க, நான் மட்டும் ஓடி ஜெயிச்சா அதுக்குப் பேரு பந்தயமா? காலை நடை."

ஹெட்டை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான்.

எதிராளிக்குப் பாகம் கொடுத்து உதவுவது அந்த மைதானத்தில் வழக்கம்தான். ஸ்பார்க் பிளக் கொடுப்பார்கள், பெல்ட் கொடுப்பார்கள், டயர்கூடக் கொடுப்பார்கள். ஹெட்டை மட்டும் எவரும் கொடுத்ததில்லை. ஒருவருடைய வித்தை முழுவதும் அந்தத் துளைகளுக்குள் இருக்கிறது. அக்கா விரலை விட்டால் போதும், மேடு இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அது தம்பிக்கும் தெரியும்.

5

இங்கே எனக்குத் தம்பிமேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒருவன் கொடுப்பானா? என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தம் பார்த்த கை. என் கதைகளுக்கெல்லாம் அசரமாட்டாள்.

"உங்க கதையில கெட்டவனுக்கு ஆயுசு கம்மி. ரெண்டாம் பக்கத்துலயே திருந்திடுவான்."

"இவன் கெட்டவன்னு யாரு சொன்னா?"

"அதையும் சொல்லமாட்டீங்க. சரி, முடிவப் படிங்க."

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். முதலாவதில் அக்கா விரலை விடுகிறாள், மேடு இருக்கிறது, மன்னிக்கிறாள். இதை நானே ஒதுக்கிவிட்டேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு மன்னிப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. இரண்டாவது எனக்குப் பிடித்தது. ஹெட்டை இன்ஜின்மேல் பூட்டியாகிவிட்டது. துளைகளை மூடும் மேனிஃபோல்ட் குழாய்களை மாட்டுவதுதான் பாக்கி. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணிகளின் நுனியை மட்டும் பிடித்து ஒவ்வொன்றாக உருவிப் போடுகிறாள். உள்ளே விரல் படவில்லை. 'கொடுத்தவனின் ரகசியத்தைத் தொடாததே அவள் செய்த மரியாதை' என்று முடித்திருந்தேன். படித்து முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

மனைவிக்குக் கலங்கவில்லை. "துணிய எண்ணினாளா?"

"நாலு துளை, நாலு துணி."

"முழுசா வந்துச்சா? கிழிஞ்சு பாதி உள்ள நின்னுருந்தா? வயித்தத் தைக்கிறதுக்கு முன்னாடி நாங்க பஞ்ச எண்ணுறது மட்டும் இல்ல, கைய விட்டும் பாப்போம். இவ மொகத்தத் திருப்பிக்கிட்டு மூடுவாளாம், அது மரியாதையாம்! இன்ஜின் வெடிச்சா உள்ள உக்காந்திருக்கிறது யாரு? உங்க புண்ணியத்துக்கு அந்த ஆமைதான் கெடைச்சாரா?"

அந்த முடிவைக் கிழித்துவிட்டேன்.

6

மூன்றாவது.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உருவினாள். ஒன்று, இரண்டு, மூன்று முழுசாக வந்தன. நான்காவது பாதியாக வந்தது. அதன் ஓரம் நூல் நூலாகத் தொங்கியது. மீதி உள்ளே நிற்கிறதா, அடைக்கும்போதே கிழிசல்தானா? பார்க்காமல் தெரியாது. அவள் மேனிஃபோல்டைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். காருக்குள் ஆமை இருக்கைப் பட்டைகளை நிதானமாக மாட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி இரண்டு கார்களையும் அழைத்தது.

எதிரே தன் கார் நின்ற கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி அவள் முகம் ஏன் திரும்பியிருக்கிறது என்று புரிந்துகொண்டான். ஓடி வந்தான்.

"அக்கா. கைய விட்டுப் பாத்தியா?"

"உன் பொருளு. நான் பாக்கமாட்டேன்."

"லூசா நீ? மாமா உள்ள உக்காந்திருக்காரு."

"அப்ப நீயே பாரு."

"நான் பாத்து, ஒண்ணும் இல்லன்னு சொன்னா..." அவன் நிறுத்தினான். "நம்புவியா?"

அவன் துணியைப் பற்றித்தான் கேட்டான். [துணியைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.] அவள் கையிலிருந்த மேனிஃபோல்டை அவன் வாங்கிக்கொண்டான். கனமான சாமான், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். அக்கா அவன் கைகளைப் பார்த்தாள். விளங்காமல் போகட்டும் என்று அவன் சபித்துக்கொண்ட கைகள். கிரீஸும் பழைய காயமுமாக, நன்றாகத்தான் இருந்தன.

"நான் புடிச்சுக்கறேன். நீ பாரு. இல்ல, இத நீ புடி, நான் பாக்கறேன். எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லு."

7

இங்கே நிறுத்துகிறேன்.

மேடு இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தால், தன் குற்றத்தையே தோளில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவன் அவன். இல்லாவிட்டால், சொந்தமாகக் கண்டுபிடித்த வித்தையை எதிராளி கையில் ஒப்படைத்தவன். எப்படிப் பார்த்தாலும் கொடுத்தான். அது எனக்குப் போதும். அக்காவுக்குப் போதுமா என்பதுதான் பாக்கி. அவள் விரலை விட்டால், மூன்று வருடமாகக் கேட்காத கேள்விக்குப் பதில் கிடைக்கும். "நீ பாத்துச் சொல்லுடா, நம்புறேன்" என்றால், அந்தக் கேள்வியே இல்லாமல் போகும். இரண்டில் எது பெரியது என்று நானும் இன்று காலையிலிருந்து

[வாக்கியத்தை முடிக்கவில்லை. தெரு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது.]

பிரார்த்தனை முடிந்ததும் ஜன்னலைத் திறக்காமலே எழுத உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறிவிட்டது. எதிர்ப் பட்டறையில் அவர் வந்திருப்பார். கிரைண்டரைக் கையில் எடுத்து, என் மூடிய ஜன்னலைப் பார்த்து, கீழே வைத்திருப்பார். இன்று சாருக்குக் கடவுளிடம் பேச நிறைய இருக்கிறது போலும் என்று நினைத்திருப்பார். ஒருவரை வேலை செய்யவிடாமல் காக்கவைத்து அவரைப் பற்றியே கதை எழுதுவது எந்த ஊர் நியாயம்?

நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் அந்தக் கொட்டகையில் இருங்கள். நான்காவது துளை திறந்திருக்கிறது. தம்பி மேனிஃபோல்டை இன்னும் நெஞ்சோடு பிடித்திருக்கிறான். உள்ளே ஆமை கடைசிப் பட்டையை மாட்டிவிட்டு, முதல்முறையாக அவசரப்பட்டு, "ஆச்சா?" என்கிறார்.

அக்கா சார்பில் பதில் சொல்லுங்கள். நான் ஜன்னலைத் திறக்கப் போகிறேன்.