கோடிப்பக்கத்து வாசல்

வீட்டுக்குப் பின்னாலை, கோடிக்குள்ளை வெட்டின அத்திவாரத்தைப் பார்த்த உடனை நமசிவாயத்தாருக்கு மூக்கிலை வேர்த்திட்டுது. "ஒரு அறை கூட்டிக் கட்டப் போறம் மாமா" எண்டு மருமகன் வாகீசன் சொன்னபோது அவரும் ஓமெண்டு தலையாட்டினவர்தான். அறை எண்டால் என்ன, நாலு சுவர். உது அப்பிடியில்லை. ஒரு பெரிய சதுரம், அதோடை ஒட்டினபடி ஒரு குட்டிச் சதுரம், அங்காலை இன்னுமொரு குட்டிச் சதுரம். போதாக்குறைக்கு இஞ்சாலைச் சதுரத்திலையிருந்து வாழைத்தோட்டப் பக்கமாய்க் குழாய் தாட்டிருந்தாங்கள். படுக்கிற அறைக்கு எதுக்கடாப்பா வாழையடிக்குப் போற குழாய்? உதுக்குள்ளை ஆர் கோப்பை கழுவப் போகினம்?

"கக்கூசும் அறையோடை சேர்ந்து வருகுது மாமா" எண்டான் வாகீசன்.

"அது அங்காலைச் சதுரம். நான் கேக்கிறது இஞ்சாலை இருக்கிறதை."

"அது... சும்மா, தட்டுமுட்டுச் சாமான் வைக்க."

தட்டுமுட்டுச் சாமானுக்குத் தண்ணிக் குழாய்! கதை விடுறதுக்கும் ஒரு அளவில்லையே? பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார், ஒரு பொய்யை ஒழுங்காய்ச் சொல்லத் தெரியேல்லை. நமசிவாயத்தார் திரும்ப ஒண்டும் பறையேல்லை. பறையாமல் விட்டால் கள்ளன் தானாய் வெளியிலை வருவான் எண்டது அவற்றை நம்பிக்கை.

மனுசன் இளவயதிலை தொடங்கிப் பென்சன் எடுக்கும் மட்டும் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்தவர். சீனி மூட்டையிலை ஓட்டை போடுறவன், தராசுத் தட்டிலை விரல் வைக்கிறவன், மண்ணெண்ணெயிலை தண்ணி கலக்கிறவன் எண்டு பார்த்துப் பார்த்து, ஆரைக் கண்டாலும் முதல் கையைத்தான் பார்ப்பார், பேந்துதான் முகம். பென்சன் எடுத்தாப் பிறகும் பழக்கம் விட்டால்தானே? கடை வீட்டுக்கு வந்திட்டுது. குசினிக்குள்ளை போய்ச் சட்டி மூடியளைத் திறந்து பார்ப்பார். "நேத்தைக்கு மிஞ்சின மீன் துண்டு எங்கை?" எண்டு கேப்பார். மனிசி பாலேஸ்வரி கோயிலுக்குப் போட்டு வந்தால், "பூசை எப்பவோ முடிஞ்சுது, மணிச்சத்தம் கேட்டது. உவ்வளவு நேரமும் ஆரோடை நிண்டு கதைச்சனி?" அவ போனிலை தங்கச்சியோடை கதைச்சு வைச்சால், "என்னவாம்? எதுக்குச் சிரிச்சனி?" இதெல்லாம் பாசம் எண்டுதான் அவற்றை நினைப்பு. ஒரு குடும்பத்தைக் கவனமாய்ப் பார்க்கிறதெண்டால் பின்னை என்னவாம்?

நீர்வேலியிலை இருக்கிற அந்த வீடு பாலேஸ்வரியின்ரை சீதன வீடு. நமசிவாயத்தார் அதுக்கு மாப்பிள்ளையாய் வந்தவர். பிறகு மகள் பிரசாந்திக்குக் கலியாணம் பேச, அதே வீடு அவளுக்குச் சீதனமாய் எழுதப்பட்டது. தாய் தகப்பன் உயிரோடை இருக்கும் மட்டும் அதிலை இருக்கலாம் எண்டு சீவிய உரித்து வைச்சுத்தான் எழுதினது. எங்கடை ஊரிலை வீடு பொம்பிளையளின்ரை, ஆம்பிளையள் வந்து இருக்கிறவை. இந்த நியாயம் மருமகனைப் பற்றி யோசிக்கேக்கை நமசிவாயத்தாருக்கு வடிவாய் நினைவிருக்கும். தன்னைப் பற்றி யோசிக்கேக்கை மறந்து போகும்.

அத்திவாரம் நிலமட்டத்துக்கு மேலை வர, அடுத்த சந்தேகம் பிடிச்சுது. கட்டிறது வீட்டோடை ஒட்டித்தான், ஆனால் வீட்டுக்குள்ளாலை போக வழி விடேல்லை. ஒரேயொரு வாசல், அதுவும் கிணத்தடியைப் பார்த்தபடி. நமசிவாயத்தார் மேசன் எமில்ராஜைத் தனியப் பிடிச்சார்.

"தம்பி எமில்ராஜ், நீ சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன். பொய் சொல்லமாட்டாய். உதிலை வாறது குசினிதானே?"

எமில்ராஜ் மட்டம் பார்க்கிற கோலைத் தூக்கிக் கண்ணுக்கு நேரை பிடிச்சான். "சொன்னதைக் கட்டிறதுதான் ஐயா என்ரை வேலை. வாத்தியாரைக் கேளுங்கோ."

"வாத்தியார் தட்டுமுட்டு வைக்க எண்டல்லோ சொல்லுறார்."

"அப்ப தட்டுமுட்டுத்தான் ஐயா."

இவனும் உடந்தை! இவன் மட்டுமே? மருமகனும் மகளும் கோடிக்குள்ளை நிண்டு குசுகுசுப்பினம், அவர் செருமிக்கொண்டு போனால் மழையைப் பற்றிக் கதைப்பினம். மழை பெய்து எத்தினையோ நாளாச்சு.

ஒரு வளவுக்குள்ளை ரெண்டு குசினி எண்டால் எங்கடை பக்கத்திலை அதுக்கு வேறை கருத்துக் கிடையாது. உலை பிரிஞ்சால் குடும்பம் பிரிஞ்சுது. இனி என்ன, விசயம் வெளிச்சம். கிழடு ரெண்டையும் கோடிக்குத் தள்ளிப்போட்டு, முன்வீட்டை மருமகன் கையுக்கை எடுக்கப் போறான். முன் விறாந்தையிலை தெருப் படலையைப் பார்த்தபடி நமசிவாயத்தாரின்ரை சாய்மனைக் கதிரை கிடக்குது. ஒழுங்கையாலை ஆர் போகினம், ஆர் வருகினம், மருமகன் என்ன பையோடை வாறான், எல்லாம் அந்தக் கதிரைக்குத் தெரியும். அந்த இடத்தை விட்டிட்டுக் கிணத்தடியைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறதோ? சீ! செத்துப் போகலாம்.

வாசிகசாலையிலை பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த முத்துக்குமாருவிட்டைப் போய்க் கொட்டினார். அவர் நமசிவாயத்தாரோடை ஒண்டாய்ப் படிச்ச ஆள். பேப்பரை மடிச்சு வைச்சிட்டுச் சொன்னார்:

"நீ ஏன் பயப்பிடுறாய்? மகளுக்கு எழுதினாலும் அது உன்ரை மனிசியின்ரை சீதன வீடு, சீவிய உரித்தும் கிடக்கு. அவ மாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் ஒருத்தரும் உங்களை அசைக்கேலாது. மனிசியை உன்ரை பக்கம் வைச்சிரு, காணும்."

மனிசி வேறை ஆற்றை பக்கம் நிக்கப் போறா? நமசிவாயத்தார் சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்தார். பாலேஸ்வரி குசினி வாசலிலை இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. அவர் அக்கம்பக்கம் பார்த்திட்டுக் கிட்டப் போய்க் குனிஞ்சார்.

"இஞ்சை பார் பாலேசு. உவையள் எங்கடை தலையிலை மிளகாய் அரைக்கினம். உந்தப் பின்கட்டு எங்களுக்குத்தான். எங்களைக் கொண்டுபோய் உதுக்குள்ளை விடப் போகினம்."

பாலேஸ்வரியின்ரை கை நிண்டுது.

"நீ பயப்பிடாதை," எண்டார் நமசிவாயத்தார். "உன்னை உதுக்குள்ளை போக நான் விடமாட்டன். நான் உயிரோடை இருக்கும் மட்டும் விடமாட்டன்."

அவ நிமிந்து அவரைப் பார்த்தா. "உங்களுக்கு உண்மையாய் ஒண்டும் விளங்கேல்லையோ?"

"எல்லாம் விளங்கினபடியால்தானே சொல்லுறன்! நீ ஒண்டும் கதைக்கிறாயில்லை. ஆர் உன்ரை வாயை அடைச்சது? மகளோ?"

"ஆர் அடைச்சதெண்டு எனக்குத் தெரியும்," எண்டு சொல்லிப்போட்டுப் பாலேஸ்வரி திரும்ப இலையை உருவத் தொடங்கினா. பாவம், மகளைக் காட்டிக் குடுக்க மனமில்லை எண்டு அவர் நினைச்சுக்கொண்டார். அவவுக்காகவும் சேர்த்துத் தான்தான் நிக்கோணும் எண்டு அந்த இடத்திலையே முடிவெடுத்தார்.

வாசல் நிலை வைக்க நாள் பார்த்திருந்திச்சு. அண்டைக்குக் காலமை, தோய்ஞ்சு திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடை நமசிவாயத்தார் வெளிக்கிட்டதைப் பார்த்துப் பிரசாந்திக்குச் சந்தோசம். அப்பாவின்ரை கோவம் போட்டுது எண்டு நினைச்சாள். அப்பா நேரை விறாந்தைக்குப் போய்ச் சாய்மனைக் கதிரையைத் தூக்கினார். இழுத்துக்கொண்டு கோடிப்பக்கம் வந்தார். நிலை நட விட்டிருந்த இடைவெளிக்கு நடுவிலை கதிரையைப் போட்டு, ஏறிச் சாய்ஞ்சு, காலை நீட்டினார்.

"இனி வையுங்கோ பாப்பம் நிலையை!"

சந்தனமும் குங்குமமும் பூசி, மாவிலை கட்டின மரநிலை சுவரோடை சாத்திக் கிடந்தது. எமில்ராஜ் கலவைக் கரண்டியோடை நிண்டபடி நிண்டான்.

"அப்பா, என்ன இது? எழும்புங்கோ. நேரம் போகப் போகுது," எண்டு பிரசாந்தி கெஞ்சினாள்.

"போகட்டும்! பெத்த தாயையும் தகப்பனையும் கோடிக்குள்ளை கட்ட நாங்கள் என்ன மாடே? தட்டுமுட்டு வைக்கவாம். நாங்கள்தான் அந்தத் தட்டுமுட்டு எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? சொல்லும் தம்பி வாத்தியார், ஏன் பேசாமல் நிக்கிறீர்? வாயிலை கொழுக்கட்டையோ?"

வாகீசனுக்கு முகம் சிவந்து போச்சுது. ஆனால் வாய் திறக்கேல்லை, மாமியைப் பார்த்தான். பிரசாந்தியும் தாயைப் பார்த்தாள். "அம்மா, இனி நீங்களே சொல்லுங்கோ. எங்களாலை ஏலாது," எண்டு சொல்லேக்கை அவளுக்கு அழுகை வந்திட்டுது.

பாலேஸ்வரி கையிலை பூத்தட்டோடை முன்னுக்கு வந்தா. புதுச் சீலை உடுத்திருந்தா. அந்தச் சீலையை எப்ப வாங்கினவ, ஆரோடை போய் வாங்கினவ எண்டு அந்த நேரத்திலையும் நமசிவாயத்தாருக்கு ஒரு கேள்வி ஓடினது.

"எழும்புங்கோ," எண்டா. "இது உங்களுக்கு இல்லை."

"பின்னை?"

"எனக்கு. நான்தான் கேட்டனான்."

"எங்கள் ரெண்டு பேருக்குமோ?"

"எனக்கு மட்டும்."

நமசிவாயத்தார் சிரிக்கப் பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கேல்லை.

"மருமோன் முதல் மாட்டன் எண்டவர். மாமா கவலைப்படுவார் எண்டவர்," எண்டா பாலேஸ்வரி. சத்தம் போடேல்லை, உப்புக் காணுமோ எண்டு கேக்கிற குரல்தான். "காலிலை விழாத குறையாய் நான்தான் கேட்டது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டதும் நான்தான். கலியாணம் கட்டின நாள் தொட்டு நான் ஒரு சட்டியை மூடி வைச்சால் அது மூடினபடி இருந்ததில்லை. சிரிச்சால் ஏன் சிரிச்சதெண்டு சொல்லோணும். அழுதால் ஏன் அழுததெண்டு சொல்லோணும். குசினிக்குள்ளை நிண்டால் முதுகுக்குப் பின்னாலை மூச்சுச் சத்தம் கேக்கும். நான் உங்கடை கடையிலை களவெடுத்தனானே?"

"பாலேசு, நான் உன்னை ஒரு நாளும் கள்ளி எண்டு..."

"சொல்லேல்லை. ஒரு நாளும் சொல்லேல்லை. பார்த்துக்கொண்டே இருந்தியள்." அவ மூச்சு எடுத்தா. "நேரத்துக்குச் சாப்பாடு வரும். உடுப்புத் தோய்ச்சு வரும். காய்ச்சல் எண்டால் வந்து பக்கத்திலை இருப்பன். உங்கடை கட்டிலும் கதிரையும் இருந்த இடத்திலை இருக்கட்டும், ஒருத்தரும் தொடமாட்டினம். நான் மட்டும் இஞ்சை."

"சனம் என்ன சொல்லும்?"

"சொல்லிப்போட்டுப் போகட்டும்."

நமசிவாயத்தார் எல்லாற்றை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. ஒளிச்சது உண்மை, குசுகுசுத்தது உண்மை, குசினி எண்டதும் உண்மை. அவற்றை மூக்கு ஒரு இடத்திலையும் பிழைக்கேல்லை. ஆனால் மருமகனை வாசலிலை நிண்டு காவல் காத்த மனுசன், பக்கத்திலை படுத்திருந்த மனிசியை ஒருக்காலும் திரும்பிப் பார்க்கேல்லை. கோவம் வரும் எண்டு காத்திருந்தார், வரேல்லை. வெக்கம்தான் வந்தது, மேசன்காரனுக்கு முன்னாலை, மருமகனுக்கு முன்னாலை. கதிரையின்ரை கையைப் பிடிச்சு மெல்ல எழும்பினார். வாகீசன் ஓடி வந்து கதிரையைத் தூக்கி அங்காலை வைச்சான்.

வீட்டுப் பக்கம் போக வெளிக்கிட்டவரை எமில்ராஜ் மறிச்சான். "ஐயா, கோவியாதையுங்கோ. நிலையைத் தம்பதியாய்ப் பிடிச்சு வைக்கிறதுதானே உங்கடை ஆக்களின்ரை முறை. அம்மா தனியப் பிடிக்கக் கூடாது. ஒரு கை குடுங்கோ."

நமசிவாயத்தார் மனிசியைப் பார்த்தார். அவ ஓமெண்டும் சொல்லேல்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை. தட்டை மகளிட்டைக் குடுத்திட்டு, அத்திவாரத்துக்கு மேலாலை கால் வைச்சு உள்பக்கம் போய் நிண்டு, நிலையின்ரை ஒரு காலைப் பிடிச்சா. மற்றக் காலை வெளியிலை நிண்டபடி அவர் பிடிச்சார். சந்தனம் கையிலை ஒட்டினது. எமில்ராஜ் அடியிலை கலவையை அப்பி, நூல் விட்டுப் பார்த்து, ஆப்பு இறுக்கினான்.

"அம்மா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் போடுறது?"

"உள்ளுக்கு," எண்டா பாலேஸ்வரி.

கட்டி முடிஞ்சு, ஓடு போட்டு, புது அடுப்பிலை பால் பொங்கினது. பிரசாந்தி ஒரு பேணியிலை பாலைக் கொண்டுவந்து விறாந்தையிலை குடுத்தாள், அவர் குடிச்சார். மத்தியானம் சோறும் கறியும் நேரத்துக்கு வந்தது. ருசி மாறேல்லை. வீட்டுக் குசினிக்குள்ளை எட்டிப் பார்த்தார். மகளின்ரை சட்டியள் மூடியோடை கிடந்திச்சு, அவருக்கு மனமில்லாமல் போச்சு.

பின்னேரம் கோடிப்பக்கம் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளை பாலேஸ்வரி ஏதோ ஒரு பாட்டை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தா. அவ பாடுவாவெண்டு இவ்வளவு காலமும் அவருக்குத் தெரியாது. கதவைத் தள்ளக் கையைத் தூக்கினவர், கொஞ்சம் நிண்டு யோசிச்சிட்டு, தட்டினார்.

பாட்டு நிண்டுது. "ஆரது?"

"நான்தான்."

"என்ன அலுவல்?"

அலுவல் ஒண்டும் இருக்கேல்லை. சாப்பாடு வந்தது, தேத்தண்ணி வந்தது, வேட்டி தோய்ச்சு மடிச்சு வந்தது. சும்மா பார்க்க வந்தனான் எண்டு சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்தச் சொல்லை விழுங்கினார்.

"ஒண்டுமில்லை பாலேசு. உள்ளை வரலாமோ எண்டு கேக்க வந்தனான்."

உள்ளை ஏதோ பாத்திரத்தை இறக்கி வைச்சது கேட்டது. காலடி கதவடிக்கு வந்து நிண்டது. தாழ்ப்பாள் அசையேல்லை.

"இண்டைக்கு வேண்டாம்," எண்டா பாலேஸ்வரி. "நாளைக்கு வாங்கோ."

"சரி," எண்டார் நமசிவாயத்தார். அவர் கிணத்தடியைத் தாண்ட முதல் உள்ளை பாட்டுத் தொடங்கிட்டுது.