சொல்லாத விண்ணப்பம்

அந்த மாதம் ட்வைலாவுக்கு வந்த பெயர் ஐடஹோவில் இருக்கும் ஒரு தச்சனுடையது. மரம் அறுக்கிற இயந்திரத்தில் இரண்டு விரல் போய்விட்டது. பகிர்வு அலுவலகத்திலிருந்து வந்த தாளில் அவன் பெயர், வீட்டு விலாசம், நடந்தது என்ன என்று இரண்டு வரி, இந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள் என்று கடைசியாக ஒரு வரி. மாதாமாதம் இப்படி ஒரு பெயர் வரும். தன் பங்குக்குக் காசோலை எழுதி, ஒரு வாழ்த்து அட்டையில் நாலு வார்த்தை ஆறுதலும் எழுதி, அந்த வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி என்று நடுவில் யாரும் கிடையாது. விசுவாசிகளின் ஆஸ்பத்திரிச் செலவை விசுவாசிகளே தாங்கிக்கொள்கிற ஏற்பாடு. காசோலை ஒரு நிமிட வேலை. அட்டைதான் அவளைப் படுத்தும். போன மாதம் டென்னசியில் ஒரு கிழவரின் முழங்கால். முகம் தெரியாத ஒருவரின் முழங்காலுக்கு என்னத்தை எழுதுவது? மூன்று அட்டையைக் கெடுத்த பிறகு, 'நீங்கள் மறுபடி படியேறும்போது எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி அனுப்பினாள்.

இப்போது அவளே படியேற முடியாமல்தான் கிடந்தாள். பித்தப்பைக் கல் வழிமாறிப் போய்க் கணையத்தை அடைத்துக்கொண்டு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டது. வயிற்றில் தையல் இன்னும் இழுத்தது. மாத்திரை தின்ற பிற்பகல்களில் சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்தபடியே கண் சொருகும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் அவளுக்கு மற்றவர்களுடைய சமையலறைகள் தெரியும். ஒன்றில் மஞ்சள் திரை, ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே கடல், ஒன்றில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பேனா தேடும் ஒரு பெண். எல்லாரும் ஒரே மாதிரித் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதுவது தன் பெயரைத்தான் என்று அவளுக்குத் தெரியும். எட்டிப் பார்க்கப் போனால் சமையலறை முழுதும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி அலையாடிக் கலைந்துவிடும்.

தொலைபேசி அடித்தது. பகிர்வு அலுவலகத்துப் பெண், மரிபெத்.

"சிஸ்டர் ட்வைலா, ஒரே ஒரு தாள்தான் பாக்கி. இந்த வலி உங்களுக்கு முதன்முதல்ல எப்ப வந்துச்சுங்கிற தேதி. கீழ உங்க பாஸ்டரோட கையெழுத்து. அது வந்துட்டா அடுத்த மாசமே உங்க பேரு நூத்திருபது வீட்டுக்குப் போயிடும்."

"முதன்முதல்லன்னா, ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான் முதல்ல வந்துச்சுன்னா அன்னைக்கு. நீங்க சேர்றதுக்கு முந்தி இருந்த நோயா இருந்தா பகிர முடியாது, அது உங்களுக்கே தெரியும். உங்களுக்கென்ன, ஃபாரத்துல எல்லாம் 'இல்லை'ன்னுதான போட்டிருக்கீங்க. ஜெபம் பண்ணிட்டு வெச்சிடவா?"

மரிபெத் ஜெபித்தாள். நல்ல குரல். ட்வைலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆமென் சொல்ல மட்டும் மறந்துபோனாள்.

ட்வைலாவும் அவள் கணவனும் பகிர்வில் சேர்ந்து பதின்மூன்று மாதம் ஆகிறது. வலி வந்தது அதற்கும் மூன்று மாதம் முன்னால், நவம்பரில். முட்டைப் பண்ணையில் அவளுக்கு வெளிச்சம் பார்க்கிற வேலை. இருட்டறைக்குள் உட்கார்ந்திருப்பாள். கீழிருந்து விளக்கு எரிய, உருளைகளின் மேல் முட்டைகள் வரிசையாக உருண்டு போகும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி நிலாவாக ஒளிரும். உள்ளே ரத்தப் பொட்டு தெரிகிறதை எடுத்துவிட வேண்டும். பதினாறு வருடமாக மணிக்கு ஆயிரக்கணக்கில் நிலாக்களைப் பார்த்தவள். அந்த இருட்டில்தான் வலது விலாவுக்குக் கீழே யாரோ கட்டை விரலை வைத்து அழுத்தித் திருகியதுபோல் வந்தது. முந்தின நாள் சபை விருந்தில் பொரித்த மீன். விருந்து பதினேழாம் தேதி, ஞாயிறு; வலி மறுநாள், பதினெட்டு. மீனை நினைத்தால் தேதியும் கூடவே வருகிறது.

அவள் டாக்டரிடம் போகவில்லை. போகிற வசதியும் அப்போது இல்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் கையைத் தூக்கினாள். அவர்கள் சபையில் அது வழக்கம். வெளியே சொல்ல முடியாத காரியம் என்றால் 'சொல்லாத விண்ணப்பம்' என்று கையை மட்டும் தூக்கினால் போதும். யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். பாஸ்டர் லாம்கின் கரும்பலகையில் பெயர்களுக்கெல்லாம் கீழே 'சொல்லாதவை - 4' என்று எழுதுவார். அந்த நாலில் ஒன்றாக அவள் வலி ஐந்து வாரம் அந்தப் பலகையில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வலி நின்றுவிட்டது. சுவிட்சைத் தட்டியதுபோல் நின்றது. ஜனவரி முதல் ஞாயிறு அவள் எழுந்து நின்று, "நான் சொல்லாம கேட்டதைக் கர்த்தர் சொல்லாமலே கொடுத்துட்டாரு" என்று சாட்சி சொன்னாள். சபையே அழுதது.

சபை அழுதது வேறு காரணத்துக்கு. இரண்டு வருடம் சத்தமே இல்லாமல் இருந்த அவள் மகன் ராய்ஸ், ஒரு பையோடு கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் வாசலில் வந்து நின்றான். எல்லாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். அவள் கணவன் வெர்லினும்தான். கான்கிரீட் போடுகிறவன், கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர சபைக்குள் கால் வைக்காதவன், அந்த ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் இருபத்தொன்பது வருடமாகப் பைக்குள் வைத்திருந்த புகையிலை டப்பியைக் குப்பைத் தொட்டியில் போட்டான். பிப்ரவரியில் ஞானஸ்நானம். புகையிலை இல்லை, குடி இல்லை என்று உறுதிமொழி எழுதிப் பகிர்வில் சேர்த்துவிட்டதும் அவன்தான். 'கடந்த மூன்று வருடத்தில் ஏதாவது நோய்க்குறி?' என்ற கேள்விக்கு அவள் 'இல்லை' என்று போட்டாள். கர்த்தர் எடுத்துப்போட்டதை 'இருந்தது' என்று எழுதினால் அது என்ன விசுவாசம்? அன்றைக்கு அப்படித்தான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாளா, 'ஆமாம்' என்று போட்டால் சேர்க்க மாட்டார்களே என்ற பயமும் ஓரத்தில் இருந்ததா என்று இப்போது பிரித்துப் பார்த்தால் தெரியவில்லை. ஓட்டுக்குள் வெளிச்சம் போகிறது. பொட்டு இருக்கிறதா நிழலா என்றுதான் சொல்ல முடியவில்லை.

பாஸ்டர் லாம்கின் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சபை தருகிற சம்பளம் தன் வீட்டு நாய்க்கே காணாது என்று பிரசங்கத்திலேயே சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு அவள் வீட்டுப் பாதை முனையில்தான் திரும்புவார். ட்வைலா தாளை மார்போடு பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அதுவரை நடந்து போனாள். மஞ்சள் வண்டி மூச்சுவிட்டு நின்றது. கதவு மடங்கித் திறந்தது.

"என்ன சிஸ்டர், இந்த வயசுல பள்ளிக்கூடம் போகணும்னு ஆசை வந்துடுச்சா?"

"சேத்துக்குவாங்களா பாஸ்டர்?"

"சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போய்ட்டு வாங்க. எதுக்கு எந்திரிச்சு நடக்குறீங்க? என் பொண்டாட்டி பாத்தா என்னைய வைவா."

தாளை ஸ்டியரிங் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதி எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"தேதிய நீங்களே போட்டுக்குங்க. உங்க வார்த்தை எனக்குப் போதும்."

"பாஸ்டர், சொல்லாத விண்ணப்பத்தைப் பின்னாடி என்னைக்காவது சொல்லணுமா?"

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "அது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல. நான் பலகையில எண்ணிக்கை போடுறவன், அவ்வளவுதான்" என்றார். பிறகு, "மழை வர்ற மாதிரி இருக்கு, வீட்டுக்குப் போங்க" என்றார். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

சாயங்காலம் வெர்லின் வந்தான். முழங்கை வரை சிமெண்ட் வெளுத்திருந்தது. சபைப் பெண்கள் முறை வைத்துக் கொண்டுவந்து கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டை மூடி திறந்து பார்த்தான்.

"மறுபடியும் நூடுல்ஸா? இந்தச் சபையில ஒருத்திக்குமே வேற ஒண்ணும் செய்யத் தெரியாதா?"

"நீ ஆஸ்பத்திரியில படு. உனக்கு இறைச்சி வறுத்துக் கொண்டுவர்றாங்களான்னு பாப்போம்."

"வாய் மட்டும் தேறிடுச்சு. நல்லது." மூன்று கரண்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மேசைமேல் தாளைப் பார்த்தான். "தேதி போடலையா? மார்ச் ஒம்பது. தரையில விழுந்து கெடந்தியே, அன்னைக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"முதல்ல வந்தது அன்னைக்கு இல்ல, வெர்லின்."

அவள் சொன்னாள். இருட்டறை, மீன், ஐந்து வாரம், கரும்பலகை. எல்லாவற்றையும் அந்தத் தச்சனுக்கு எழுதாமல் வைத்திருந்த வெற்று அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அந்தச் சொல்லாத விண்ணப்பம் ராய்ஸுக்காக இல்லையா?"

"இல்ல. வலிக்காக."

"அப்ப அந்தப் பய ஏன் வந்தான்?"

"தெரியல. வரணும்னு தோணியிருக்கும்."

வெர்லின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டான். வெளியே கன்றுகள் கத்தின. ஆஸ்பத்திரிக்காரர்கள் தள்ளுபடி கொடுத்த பிறகும் மிச்சம் ஐம்பத்தெட்டாயிரம் டாலர். இருபது ஏக்கரையும் வீட்டையும் விற்றால் அடையும். அது இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லத் தேவையில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு. எனக்கு."

"டாக்டரு சீட்டு எதுவும்..."

"நான் போகவே இல்லயே."

"அப்ப யாருக்குமே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். கழுத்தெல்லாம் சிவந்தது. "நான் அப்படிச் சொல்ல வரல" என்றான்.

"எனக்குத் தெரியும்."

"காச வாங்கிக்கலாம்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் நினைச்சேன்."

"நான் ஒரு வாரமா நினைக்கிறேன். காசோலைய வாங்கிக்கலாம் வெர்லின், கை ஒண்ணும் வெந்துடாது. கூடவே நூத்திருபது அட்டை வருமே. மூணு அட்டையக் கெடுத்துட்டு நாலாவதுல எழுதுனதெல்லாம் இருக்கும் அதுல. அதை எப்படிப் படிக்கறது?"

அவன் எழுந்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய், மிச்சம் இருந்ததைப் பின்வாசலில் நாய்க்குக் கொட்டினான். வெகுநேரம் அங்கேயே நின்றான். வலைக் கதவு வழியே அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

காலையில் அவள் எழுந்தபோது அவன் வேலைக்குப் போயிருக்கவில்லை. வண்டி வாசலில் நின்றது. கான்கிரீட் லாரி ஆறு மணிக்கே வந்திருக்கும், ஆள் இல்லாமல் யார் எப்படிச் சமாளித்தார்களோ. அவன் முன்வாசல் படியில் வெறும் காலுறையோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேசையில் உட்கார்ந்து கட்டத்துக்குள் நவம்பர் பதினெட்டு என்று எழுதினாள், வருடத்தையும் எழுதினாள். உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். அவனைத் தாண்டிப் படியிறங்கினாள். சரளைப் பாதையில் நடந்து, முனையில் இருக்கும் தபால் பெட்டிக்குள் வைத்து, எடுத்துப்போக வேண்டிய தபால் இருக்கிறது என்பதற்கான சிவப்புக் கொடியை நிமிர்த்தினாள். திரும்பி வந்து அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

தலை லேசாகச் சுற்றியது. ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்தாள். கோதுமை பச்சையாக அசைந்தது. தூரத்தில், ஒரு மைலுக்கு அப்பால், சரளை ரோட்டில் தூசி எழும்பியது. தபால்காரியின் கார். கார் தெரியவில்லை, தூசி மட்டும் தெரிந்தது. வெயிலில் பொன்னிறமாக எழும்பி, எந்த அவசரமும் இல்லாமல் வயல்மேல் சாய்ந்து, வீடு வீடாக நின்று நின்று வந்தது.

வெர்லின் எழுந்தான். காப்பிக் குவளையைப் படியில் வைத்தான். பூட்ஸ் போடாமலே, சரளைக்கல் குத்தக் குத்தக் கால் மாற்றி வைத்துக்கொண்டு பாதையில் நடந்தான். அவள் கூப்பிட வாய் திறந்தாள். கூப்பிடாமலே மூடிக்கொண்டாள். அவன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். கையைத் தூக்கினான். கை பெட்டியின் கதவுக்குப் போகாமல் அதன் தகர முதுகின்மேல் போய் அமர்ந்தது. குதிரையின் கழுத்தில் வைப்பதுபோல் அப்படியே வைத்தபடி, தூசி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிவப்புக் கொடி அவன் தோளுக்குப் பின்னால் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.