நைரோபியில் எங்கட ஆள்

ஜெர்மனிக்கு வந்த இத்தனை வருடங்களில் நாங்கள் ஒரு ஹோட்டலில் படுத்து எழும்பியது கிடையாது. பாரிஸ் என்றால் என் சித்தப்பாவின் மகள் வீடு. லண்டன் என்றால் என் மனுசன் அன்ரனின் ஒன்றுவிட்ட அண்ணை வீடு. ஒஸ்லோவில் சொந்தமென்று ஒரு குருவியும் இல்லை. அங்கேயும் அன்ரன் எங்கள் ஊரான பேசாலைக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் வீட்டு ஹோலில் எங்களைப் படுக்கவைத்தார். காசு கொடுத்துத் தங்குவது எங்கள் சனத்துக்கு வெட்கக்கேடு. ஆளில்லாதவன்தான் அப்படித் தங்குவான் என்பார் இவர்.

மகள் மெலனி அப்போது ஸ்டுட்கார்ட்டில் ஒரு பயண முகவர் நிலையத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். 2005ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதக் கடைசி. ஒரு ஞாயிறு மத்தியானம், நான் மீன் பொரித்துக்கொண்டிருக்கையில், தடித்த விளம்பரப் புத்தகம் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து போட்டாள்.

“நத்தார் லீவுக்குக் கென்யா போவம் அம்மா. எங்கட வேலையிடத்துக் குடும்பங்களுக்கு மலிவு. சிங்கம் பார்க்கலாம்.”

நான் எதற்கும் முதலில் ஏலாது என்று சொல்லுகிறவள். அது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு, “ஓம், போவம்” என்றேன். அன்ரன் கையில் பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது.

என் ஒரே தம்பி றெஜினோல்ட் என்னிடம் வருவதற்காகத்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டான். தொண்ணூற்றிரண்டில். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாய் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவனை நைரோபி வழியாகக் கொண்டுவந்தான். அங்கிருந்து ஒரே ஒரு தடவை கதைத்தான். “அக்கா, இஞ்ச சிங்கம் எல்லாம் இருக்காம். நான் இன்னும் ஒண்டையும் காணேல்லை. வாற கிழமை பிளைட்” என்றான். அவ்வளவுதான். பிறகு கிணற்றில் போட்ட கல். ஏஜென்சிக்காரனும் இல்லை, அவனும் இல்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பேர்களைப் பங்குச் சுவாமி வாசிப்பார். எல்லாரும் தங்கள் ஆட்களின் பேரைக் கொடுப்பார்கள். நான் அம்மா அப்பாவின் பேரைக் கொடுப்பேன், தம்பியின் பேரைக் கொடுக்கமாட்டேன். “குடுமன் எவ்லின், அவன்ர ஆத்துமம் அந்தரிக்கும்” என்று அன்ரன் ஒவ்வொரு வருடமும் தொடங்குவார். உயிரோடு இருக்கிறவனுக்கு ஆத்துமப் பூசை கொடுக்க எனக்கு என்ன விசரா என்று நான் ஒவ்வொரு வருடமும் பாய்வேன். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவேன். கென்யாவுக்கு ஓமென்றது சிங்கத்துக்காக இல்லை. அந்த ஊரில் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பதற்காக.

மெலனி தங்குமிடங்களைக் காட்டத் தொடங்கினாள். முதலாவது கூடாரம். உள்ளே கட்டில், மெத்தை, குளியலறை எல்லாம் இருக்கிறதாம். இரவில் சிங்கம் உறுமுவது காதுக்குப் பக்கத்தில் கேட்குமாம். இரண்டாவது மரத்துக்கு மேலே கட்டிய வீடு. மூன்றாவது கல்லால் கட்டிய லொட்ஜ். அதில் அறைச் சுவர் ஒன்று முழுக்கக் கண்ணாடி; எதிரே மிருகங்கள் தண்ணீர் குடிக்க வரும் குளம்.

“எங்கட சனம் அகதி முகாமில கூடாரத்துக்குள்ள கிடந்தது காணாதோ? காசு குடுத்தும் கிடக்கவேணுமோ?” என்றேன்.

“இது வேற கூடாரம் அம்மா.”

“கூடாரம் கூடாரம்தான். மரத்தில ஏறவும் என்னால ஏலாது. நான் என்ன குரங்கே?”

“அப்ப மூண்டாவது.”

“பொறுங்கோ பிள்ளை” என்றார் அன்ரன். “அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருப்பினம். முதல் அதை விசாரிப்பம்.”

மெலனி தலையில் கைவைத்தாள். “அப்பா, நாங்கள் சிங்கம் பார்க்கப் போறம். சொந்தக்காரரைப் பார்க்க இல்லை.”

“சந்திரனில இறங்கினாலும் அங்க ஒரு பேசாலைக்காரன் இருப்பான்.”

சும்மா சொல்லவில்லை மனுசன். அன்றைக்கே ரெலிபோன் காட் ஒன்றைச் சுரண்டிக்கொண்டு இருந்துவிட்டார். லண்டன் அண்ணையைக் கேட்டார். அண்ணை பாரிஸில் கடை வைத்திருக்கிற ஒருவரைக் காட்டிவிட்டார். கடைக்காரர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். நான் சட்டி கழுவிக்கொண்டு, இந்த மனுசனைத் திருத்த ஏலாது என்று எனக்குள்ளே புறுபுறுத்தேன்.

புதன்கிழமை பின்னேரம் பாரிஸ்காரர் எடுத்தார். அன்ரன் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்.

“என்ன பேர் சொன்னனியள்? திருப்பிச் சொல்லுங்கோ.”

அவருடைய முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பார்த்தபடி அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னார். “அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட். பேசாலை. நைரோபியில சஃபாரி வான் ஓடுறவர்.”

அந்தோனிப்பிள்ளை என் அப்பா.

கையிலிருந்த கோப்பை விழுந்தது எனக்குத் தெரியாது. மெலனி ஓடிவந்து என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தியது மட்டும் தெரியும். அழுகை வரவில்லை. அன்ரன் நம்பரை எழுதி முடித்த கையோடே எழும்பிப்போய் ரெலிபோனைப் பறித்துவிட்டேன்.

“பொறும் எவ்லின், முதல் நான் கதைச்சுப் பார்க்கிறன்.”

“என்ர தம்பியோட நான் கதைக்க எனக்கு ஆற்ற உத்தரவு?”

எழுதின நம்பரை அழுத்தினேன், மணி அடித்தது. ஓர் ஆண்குரல் எடுத்து ஏதோ அந்த ஊர் மொழியில் கேட்டது.

“தம்பி” என்றேன். “நான் அக்கா. எவ்லின்.”

மெதுவாக, “எந்த அக்கா?” என்றான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். பதின்மூன்று வருடமாக வாசல் மணி அடிக்கிற நேரமெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினவள் நான். “எந்த அக்காவோ? உனக்கு எத்தினை அக்கா? கோதாரி விழுவானே, அம்மா உன்ர பேரைச் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினவ, தெரியுமே? ஒரு கடதாசி போடேலாதோ? கை முறிஞ்சுபோச்சுதோ? வான் ஓடத் தெரியுது, ஒரு ரெலிபோன் எடுக்கத் தெரியேல்லையோ?” வாயில் வந்த எல்லாவற்றாலும் திட்டினேன். திட்டத் திட்ட என் நெஞ்சுக்குள் அப்படியொரு சந்தோசம். இருக்கிறவனைத்தானே திட்ட முடியும். குரல் தடித்திருந்தது, பத்தொன்பது வயசுக் குரல் தடிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் அவன் சொன்னான்.

“அக்கா, நான் அவனில்லை.”

“பின்னை நீ ஆர்?” என்றேன்.

“என்ர பேர் அலோசியஸ். நாங்கள் ரெண்டுபேரும் ஒரே அறையில இருந்தனாங்கள். என்ர பாஸ்போட்டில விசா விழுந்திட்டுது. ஆனா அவனைத்தான் முதல் அனுப்பவேணும் எண்டு ஏஜென்சிக்காரன் நிண்டான். ரெண்டுபேருக்கும் முகவெட்டு ஒரே மாதிரி. என்ர பாஸ்போட்டை அவனிட்டயும் அவன்ரயை என்னட்டயும் மாத்தித் தந்திட்டான். அடுத்த நாளே அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியிட்டுது. மலேரியா. பொலிசுக்குப் பயந்து ஏஜென்சிக்காரன் ஆஸ்பத்திரிக்கு விடேல்லை. விடேக்கை பிந்திப்போச்சு.”

அன்ரன் ரெலிபோனில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவன்ர பொக்கற்றில இருந்தது என்ர பாஸ்போட். என்ர பேரிலதான் தாட்டவை. என்னட்ட மிஞ்சினது அவன்ர பேர். நான் பேசாலைக்கு ரெண்டு கடதாசி போட்டனான் அக்கா. அந்த நேரம் சனமெல்லாம் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போட்டுதாம். உங்கட விலாசம் எனக்குத் தெரியாது.”

செத்தவன் பேரில் இவன் உயிரோடு இருக்கிறான். இவன் பேரில் என் தம்பி மண்ணுக்குள் கிடக்கிறான். அவனை ஏசவேண்டும் போலிருந்தது. என் தம்பியின் பேரைத் தா என்று கத்தவேண்டும் போலிருந்தது. தந்துவிட்டால் அவன் எந்தப் பேரில் வான் ஓடுவான், எந்தக் கடதாசியைக் காட்டுவான் என்ற எண்ணமும் கூடவே வந்தது. கடைசியில் என் வாயில் வந்தது வேறொன்று.

“அவன் சிங்கம் பார்த்தவனே?”

“இல்லை அக்கா. எங்களை அறையை விட்டு வெளியில விடேல்லை. யன்னலையும் பலகை வைச்சு அடிச்சிருந்தவங்கள். சிங்கம் எண்டு சொல்லிச் சொல்லிக்கொண்டு கிடந்தான்.”

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவனும் அந்தப் பக்கம் அழுதான். வைக்கும்போது, “நீங்கள் வந்தா என்ர வீட்டிலதான் நிக்கவேணும். நான் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போறன். ஒவ்வொரு நத்தாருக்கும் நான் போறனான்” என்றான்.

அடுத்த கிழமை, சுவாமி பூசைக்குப் பேர் கேட்டபோது, தம்பியின் பேரைக் கொடுத்தேன். அவர் அதை மற்றப் பேர்களோடு சேர்த்து வாசித்தார். அன்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மெலனி பயந்து பயந்து கேட்டாள். “அம்மா, கென்யா வேண்டாமே? எல்லாத்தையும் விடவோ?”

“ஏன் விடவேணும்? நைரோபியில அலோசியஸ் வீட்டில நிப்பம். காட்டுக்குள்ள அந்த மூண்டாவது லொட்ஜைப் போடு, சுவர் முழுக்கக் கண்ணாடி எண்டு சொன்னியே, அதை. நாலு பேருக்கு.”

“நாங்கள் மூண்டு பேர்தானே?”

“அலோசியஸும் வரட்டும்.”

அவள் எழுதத் தொடங்கி, நிமிர்ந்து பார்த்தாள். “அவர்ர பாஸ்போட்டில இருக்கிற பேர்தான் போடவேணும் அம்மா.”

“ஓம்” என்றேன். “அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட் எண்டு போடு. குளத்தைப் பார்த்த கட்டில் அவனுக்கு.”