மாடி அறைக்கு மூன்று எழுத்து

மாடி அறையில் குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போனதும் அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தூக்கம் போயிற்று. ஒருத்தி மூத்த மருமகள், தையல்காரி. குளியலறைக்குப் போகிற வழியில்தான் அவளுடைய தையல் மெஷின் கிடந்தது. போகிறவர், வருகிறவர், துண்டைத் தேடுகிறவர், எல்லாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. இன்னொருத்தி சின்ன மருமகள். சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பல ஊர்களில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் எடுப்பவள். பாடத்தின் நடுவில் குக்கர் விசிலடித்தால் அந்தப் பக்கம் பிள்ளைகளும் சேர்ந்து விசிலடிக்கிறார்கள்.

"எனக்கு அறை வேணும் அத்தை," என்றாள் சின்னவள்.

"எனக்கும்தான்," என்றாள் மூத்தவள்.

மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "டப்பாவை எடுங்க," என்றாள்.

அந்த வீட்டில் எந்த வழக்கும் டப்பாவில்தான் தீரும். பிள்ளைகள் விளையாடிய ஆங்கில எழுத்துகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு மூன்றை எடுக்க வேண்டும். அந்த மூன்று எழுத்தும் வருகிற வார்த்தையாக ஆளுக்கொன்று சொல்லி, அர்த்தத்தையும் சொல்ல வேண்டும். எது நல்ல வார்த்தை என்று மாமியார் தீர்ப்பு சொல்வாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால்தான் அவள் நடுவர். தெரிந்தவர்கள் நடுவராக இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது அவள் கட்சி. அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்று எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் அகராதியைப் பார்க்கலாம். இல்லாத வார்த்தையைச் சொன்னவள் அங்கேயே தோற்றுப்போவாள்.

சின்னவளுக்கு உள்ளுக்குள் குஷி. ஆங்கிலத்தை விற்றுச் சாப்பிடுகிறவளிடமே ஆங்கிலப் போட்டியா?

"மூணு ஆட்டம்," என்றாள் மாமியார். ஒவ்வொன்றிலும் ஜெயித்தவளுக்கு ஒரு துணி கிளிப். அதிக கிளிப் வாங்கியவளுக்கு அறை.

முதலில் ஜி, எல், எம் வந்தன.

"கிளிம்ப்ஸ்," என்றாள் சின்னவள் பட்டென்று. "ஒரு நொடி கண்ணுல பட்டுட்டு மறைஞ்சு போறது."

"முழுசாப் பாக்கலையா?"

"இல்ல அத்தை, அதான் அதோட அழகே."

"பாதி பாத்ததுக்கெல்லாம் ஒரு வார்த்தையா? நீ சொல்லு."

"குளூம்," என்றாள் மூத்தவள். "முகம் இருண்டு போறது. உங்க பெரிய பையன் காலையில எழுந்ததும் உக்காந்திருப்பாரே, அது."

மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கிளிப் மூத்தவளின் முந்தானையில் ஏறியது.

"அத்தை, இது அநியாயம். மகனைச் சொன்னா மார்க்கா?"

"டீச்சரம்மாவுக்கு இன்னைக்குப் பிள்ளைங்க கஷ்டம் புரியும்," என்றாள் மூத்தவள்.

அடுத்து டி, எச், ஆர். சின்னவள் இந்த முறை அவசரப்படவில்லை. "த்ரெஷோல்ட். வாசப்படி."

"இது வார்த்தை! தினமும் காலுல மிதிபடுது. நீ?"

"தர்ட். மூணாவது."

"மூணாவது மருமக எங்கடி இருக்கா இங்க? ரெண்டையே தாங்க முடியல." கிளிப் சின்னவளுக்குப் போனது.

ஆளுக்கொன்று. கடைசி ஆட்டத்துக்கு வி, எல், என் வந்தன.

"வயலின்," என்றாள் சின்னவள். "வாத்தியம் அத்தை, கச்சேரியில வாசிப்பாங்க."

"உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு அதைப் பத்திப் பேச்சு? சரி, இருக்கட்டும். மோசமில்ல."

மூத்தவள் எழுத்துகளைப் பார்த்தபடியே இருந்தாள். விரல் நுனியில் ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டாள்.

"லோனிவேல்," என்றாள்.

சின்னவளின் காது நிமிர்ந்தது. அப்படி ஒரு வார்த்தை எந்த ஆங்கிலத்திலும் கிடையாது. கை தானாகவே செல்போன் பக்கம் போயிற்று.

"அர்த்தம்?" என்றாள் மாமியார்.

"கதவைச் சாத்திட்டு உள்ளே உக்காந்திருக்கும்போது வெளியே யாராவது கூப்பிடுவாங்க. கேக்காத மாதிரி இருந்துடறது. கோவம்லாம் இல்ல அத்தை. சும்மா. நம்ம மூச்சுச் சத்தம் நமக்கே கேக்கும் பாருங்க, அதுக்காக."

மாமியாரின் கையில் தலையணை உறை பாதி மடிப்பில் நின்றது. "அதுக்குக்கூட ஒரு வார்த்தை வெச்சிருக்கானா வெள்ளைக்காரன்?" என்றாள் மெதுவாக. பிறகு சின்னவளைப் பார்த்தாள். "பாரு, இருக்கா?"

சின்னவள் அகராதியைத் திறந்து தட்டினாள். 'இல்லை' என்று திரை கண்ணெதிரே சொன்னது. இதைத் திருப்பிக் காட்டினால் போதும், அறை அவளுக்கு. நாளைய பாடத்தில் விசில் கிடையாது. மூத்தவளோ தரையைப் பார்த்துக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தனக்கென்று எதையும் கேட்டுச் சின்னவள் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறாள், அதுவும் இல்லாத ஒரு மொழியில்.

"இருக்கு அத்தை," என்றாள் சின்னவள்.

மூத்தவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"ஆனா அக்கா பாதி அர்த்தம்தான் சொன்னாங்க. மிச்சமும் போட்டிருக்கு." செல்போனை மார்போடு அணைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "சாயந்திரம் அஞ்சு மணியானா அந்தக் கதவைத் திறந்து இன்னொருத்திக்குப் பாடம் எடுக்க விட்டுடணும். அதுவும் சேர்ந்தாத்தான் லோனிவேல்."

"ஆறு மணி," என்றாள் மூத்தவள் சட்டென்று.

"அஞ்சுன்னுதான் போட்டிருக்கு அக்கா."

"அது பழைய அகராதி. புதுசுல ஆறுன்னு மாத்திட்டாங்க."

"பாடம் அஞ்சரைக்கு ஆரம்பிக்குது!"

"அப்ப அஞ்சேகால். அதுக்குக் கீழே எந்த அகராதியிலயும் வராது."

"சரி, அஞ்சேகால்."

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மிச்சமிருந்த கிளிப்பை யார் முந்தானையிலும் மாட்டவில்லை. தலையணை உறையை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்து, ஒரு தட்டுத் தட்டினாள்.

"எல்லாம் சரி. ஞாயித்துக்கிழமை மத்தியானம்னு ஏதாவது போட்டிருக்கா, நல்லாப் பாரு," என்றாள். "மாமியாருக்குன்னு."

சின்னவள் செல்போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அட, ஆமா அத்தை," என்றாள். "முதல் வரியிலயே போட்டிருக்கு."