ஏரியில் விழுந்த தெரு

நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் தயாரிப்பவளை எல்லோரும் ‘மேப்பம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முன்கூடத்துச் சுவரை அடைக்கிற மாதிரி ஊர் வரைபடம் ஒன்று வேண்டும் என்றார் ஆணையர். “கண்ணாடி போடாமலே படிக்க வரணும்மா” என்றும் சொல்லிவிட்டார்.

எழுத்தைப் பெரிதாக்கினாள். ஊரின் ஓரங்கள் சமர்த்தாக இருந்தன. கடைவீதிப் பக்கம்தான் பெயர்கள் முண்டியடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. மாதிரி அச்சைப் பார்த்த ஆணையர், “என்னம்மா, பிரசவ ஆஸ்பத்திரி மேலயே சுடுகாட்டை ஏத்தி வச்சிருக்கீங்க? படிக்கிறவன் என்ன நினைப்பான்?” என்றார்.

இரண்டு பெயர்கள் இடித்துக்கொண்டால் சின்ன இடத்தின் பெயரை விட்டுவிடும்படி கணினிக்குச் சொல்லிவைத்தாள். வரைபடம் பளிச்சென்று வந்தது. சுவரில் ஒட்டியதும் ஆணையர் வாயாரப் பாராட்டினார். அந்த மிதப்பில் மாமியாரைக் கூட்டிவந்து காட்டினாள்.

மாமியார் சுவரோடு ஒட்டி நின்று தேடு தேடென்று தேடினார். “நம்ம தெரு எங்கடி?”

மேப்பம்மா எட்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் ‘பேருந்து நிலையம்’ காலை நீட்டிப் படுத்திருந்தது.

“தெரு இருக்கு அத்தை. பேருக்குத்தான் இடம் பத்தலை.”

“பொதுக் கழிப்பறைக்குப் பத்துது, எனக்குப் பத்தலையா?”

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. இரண்டு பேருக்கும் மாறி மாறித் தலையாட்டியே கணவனுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

மேப்பம்மா மறுபடி கணினி முன் உட்கார்ந்தாள். பேருந்து நிலையத்தை நகர்த்தினால் மார்க்கெட் இடித்தது. மார்க்கெட்டைத் தள்ளினால் காவல் நிலையம் முறைத்தது. காலியாகக் கிடந்தது பக்கத்து ஏரி ஒன்றுதான். தெருவின் பெயரை ஏரி நடுவே போட்டு, அங்கிருந்து தெருவுக்கு மெல்லிய கோடு இழுத்து, நுனியில் அம்புக்குறி வைத்தாள். அந்தப் பகுதியை மட்டும் புதிதாக அச்சிட்டு மேலே ஒட்டினாள்.

கணவன் கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை அழைத்து வந்தான்.

“அடிப்பாவி, என்னை ஏரியில தள்ளிட்டியேடி!”

“அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே வாங்க அத்தை.”

மாமியாரின் விரல் தண்ணீரைத் தாண்டி, கரையேறி, அம்பு நுனியில் வந்து நின்றது. பின்னால் நின்றிருந்த யாரோ ஒருவர், “அம்பெல்லாம் போட்டிருக்கே, அது என்ன இடம்?” என்று கேட்டார்.

மாமியார் நிமிர்ந்தார். “நல்லாப் பாருங்க. இவ்வளவு பெரிய ஊர்ல வேற எந்தத் தெருவுக்காவது அம்பு இருக்கா?”

மேப்பம்மா வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மகன் எத்தனை முறை கூப்பிட்டும் மாமியார் கிளம்பவில்லை. அடுத்து உள்ளே நுழைந்தவரைக் கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.