வலப்பக்கத்துப் பூ

வடகரப்பதி மாரியம்மன் கோயிலில் அன்று என் இடத்தில் நின்றிருந்தால் அந்த அம்மனே ஓடிப்போயிருப்பாள். என் தோளில் மச்சான் காளிச்சாமியின் கை. சிமெண்ட் மூட்டைகூட அவ்வளவு கனக்காது. எதிரே என் மனைவி கமலாத்தாள், அவருடைய கூடப்பிறந்த தங்கை. அவள் பார்த்த பார்வையில் அப்பளம் பொரித்திருக்கலாம். வாசலை அடைத்துக்கொண்டு ஊர். எறும்பு நுழைய வழியில்லை, நான் எங்கே ஓடுவது?

விஷயம் இதுதான். ரிட்டையர் ஆனவன் சும்மா கிடக்காமல், நடைப்பயிற்சி என்று விடியலில் தோட்டங்காட்டுப் பக்கம் போய்த் தொலைத்தேன். அங்கே மச்சான் ஜேசிபி வைத்து எல்லைக்கல்லைப் பிடுங்கி, பக்கத்துக் காட்டுக்குள் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் காட்டுக்காரி கருப்பாத்தாளின் போர்வெல் அவர் பக்கம் வந்துவிட்டது. புருஷன் இல்லாதவள். அந்தத் தண்ணீர் போனால் அவளுக்குத் தென்னையும் போச்சு, மாடும் போச்சு. சர்வேயர் வந்து அளப்பதற்குள் என் பேரனும் ரிட்டையர் ஆகிவிடுவான். அதனால், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நடக்கிறவன் என்று அம்மன் முன்னால் சாட்சி சொல்ல என்னைப் பிடித்து வந்துவிட்டார்கள்.

"ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிப்போடுங்க மாப்ள. ஊட்டுக்குப் போய்ச் சோறு திங்கலாம்" என்றார் மச்சான், காதோரமாக.

"எங்கண்ணன் ஊட்டு வாசப்படிய நான் மறுக்கா மிதிக்கோணுமுங்க. அத நெனச்சுப் பேசுங்க" என்றாள் கமலாத்தாள்.

கருப்பாத்தாள் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் ரொம்பத் தொந்தரவாக இருந்தது.

"பூ வெச்சுக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்றேன். பாரத்தை அம்மன் தலையில் கட்டிவிட்டு நழுவலாம் என்று ஒரு கணக்கு.

பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப்பூவை ஒட்டினார். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் ஆகட்டும், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கேள்வியை மனசுக்குள் கேட்டால் போதும்.

தாயே, நான் பார்த்ததைச் சொன்னால் என் குடும்பத்தை நீ பார்த்துக்கொள்வாயா?

இடப்பக்கம் விழவேண்டுமே என்று மற்ற சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வலப்பக்கத்துப் பூ விழுந்தது. தானாக விழுந்ததா, அம்மனே எடுத்து எறிந்தாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

"காத்துல விழுந்திருக்குமுங்க பூசாரி. ஃபேன நிறுத்திப்போட்டு மறுக்கா வையுங்க" என்றேன்.

நிறுத்தினார். மறுபடியும் வலப்பக்கம்தான்.

"அம்மன் நம்ம பக்கந்தானுங்க" என்று மச்சான் சிரித்தார். கருப்பாத்தாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் என்ன கேட்டேன் என்பது எனக்கும் அம்மனுக்கும் மட்டுமே தெரியும். எதைச் சொன்னாலும் ஊர் நம்பும். பொய் சொல்ல இதைவிட வசதியான நேரம் ஈரேழு உலகத்திலும் எவனுக்கும் வாய்த்திருக்காது.

ஆனால், பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவளின் முகத்துக்கு நேராக எப்படிப் பொய் சொல்வது?

"மச்சாந்தானுங்க கல்லப் புடுங்குனது. நான் பாத்தேனுங்க."

தோளிலிருந்து கை இறங்கியது. கருப்பாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கமலாத்தாள் நேராகப் போய் அண்ணனின் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும்வரை நின்றேன். ஊரும் கலைந்தது.

"பாத்துக்கறேன்னு சொன்னயே ஆத்தா" என்றேன் அம்மனிடம்.

அவள் அவசரப்படுவதாகத் தெரியவில்லை. நான் கோயில் படியில் உட்கார்ந்துகொண்டேன்.