நூற்றெண்பது மான்களும் ஒரு லாரியும்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல. என் அக்கா சொன்னது. வேலி போட்ட ஒரு காட்டில் மான்களை எண்ணுவது அவள் வேலை. "பசுமை போர்த்திய அந்தக் கானகத்தில்..." என்று தொடங்கினேன். "பசுமை எங்கடா இருக்கு? அதானே பிரச்சினையே!" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2.
மூன்று வருடம் முன்பு மழை பொய்த்தது. அறுபது மான்கள். விலா எலும்பு தெரிய அவை நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அக்கா மேலிடத்துக்கு எழுதி எழுதி வாரம் ஒரு லாரி தீவனம் வரவழைத்தாள். (அவளை ரொம்ப நல்லவளாகக் காட்டுகிறேனோ? நல்லவள்தான். வினையே அதில்தான்.)

வயிறு நிறைந்த மான்கள் குட்டி போட்டன. குட்டிகள் எல்லாம் பிழைத்தன. அறுபது, நூற்றெண்பது ஆனது. லாரி மட்டும் ஒன்றாகவே இருந்தது. புல் தீர்ந்தது, மரப்பட்டை தீர்ந்தது. பிறகு அலுவலகத்துக்குள் வந்து ஜன்னல் திரையைத் தின்றன.

3.
அதிகாரி மீசையை நீவினார். "இனப்பெருக்கத்தை உடனே நிறுத்தணும்னு ஒரு சுற்றறிக்கை ஒட்டுங்கம்மா."

"யார் படிக்கிறதுக்கு சார்?"

"சம்பந்தப்பட்டவங்க."

அக்கா ஒட்டினாள். சம்பந்தப்பட்டவர்கள் அதையும் தின்றார்கள்.

[இது என் கற்பனை என்பீர்கள். இல்லை. மீசை மட்டும்தான் என்னுடையது.]

மறுநாளே தீவனத்தை நிறுத்த உத்தரவு வந்தது.

4.
உத்தரவு தெரியாமல் ஒரு லாரி வந்துவிட்டது. ஓட்டுநர் தலையை நீட்டுகிறார்: "இறக்கவா, திருப்பவா?"

முடிவு அ: இறக்கச் சொல்கிறாள். இன்னும் குட்டிகள். பட்டை உரிந்த மரங்களெல்லாம் பட்டுப்போய், கடைசியில் ஒரு மானுக்குக்கூட

முடிவு ஆ: திருப்பச் சொல்கிறாள். புல் தாங்குகிற அளவுக்கு வரும்வரை, ஒவ்வொன்றாக

இரண்டு வாக்கியத்தையும் முடிக்க முடியவில்லை. போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்து விழுறதை எண்ணப்போறது நான்டா."

"சரி, நிஜத்துல என்ன பண்ணினே?"

"எங்க பண்ணினேன்? இன்னும் வாசல்லதான் நிக்கறேன். அவர் ஹார்ன் அடிக்கிறார். சட்டுனு சொல்லு."

எழுத்தாளன் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டவன் நான்தான். போனை உங்களிடம் தருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா லைனில்தான் இருக்கிறாள்.